செவியின் இரு பணிகள்

"செவி எதற்கு?" என்று வினவினால், "கேட்பதற்கு" என்று சிறுவனும் கூறுவான். அது பாதி விடையே. வேலூரிலிருந்து ஆம்பூர் செல்லும் பேருந்தில் நின்றுகொண்டிருக்கும் நாம், ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடும்போது விழாமல் சமாளிப்பதற்கும் செவி துணைபுரிகிறது.

உட்செவியின் ஒரு பகுதியான நத்தைச்சுருள் கேட்கும் உறுப்பு. மற்றொரு பகுதியில் மூன்று அரைவட்டக் குழல்களும், யூட்ரிகிள், சாக்யூல் என்னும் இரு பைகளும் உள்ளன. தலை சுழல்வதைக் குழல்கள் உணரும். நேர்க்கோட்டில் நகர்வதைப் பைகள் உணரும். பைகளில் உள்ள மயிர்ச்செல்களின்மீது கால்சியம் கார்பனேட்டாலான நுண்ணிய செவிக்கற்கள் படிந்துள்ளன. தலை அசைந்தால் கற்கள் சற்றுப் பின்தங்கும், மயிரிழைகள் வளையும், உடனே நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்பும்.

இச்சமநிலை உறுப்புகளுக்கு ஒலியோடு தொடர்பு உண்டா? உண்டு. மீன்களுக்கு நத்தைச்சுருள் இல்லை. அவற்றுள் பல சாக்யூலைக் கொண்டே கேட்கின்றன. மனிதனிடமும் அப்பழைய உறவு முற்றிலும் அறுபடவில்லை. 1992ஆம் ஆண்டில் கோல்பாட்ச், ஹல்மாகி என்னும் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் காதில் பலத்த 'டக்' ஒலியைச் செலுத்திக் கழுத்துத் தசையின் மின்மாற்றத்தைப் பதிவு செய்தனர். சமநிலை நரம்பு துண்டிக்கப்பட்ட பக்கத்தில் அம்மாற்றம் மறைந்தது. நத்தைச்சுருள் பழுதுற்றுக் கேளாதவர் பலரிடமோ அது நிலைத்திருந்தது! பலத்த ஒலிக்குச் சாக்யூலும் விடை தருகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. எனினும் பேச்சைப் புரிந்துகொள்ள நத்தைச்சுருளே வேண்டும்.

இதனால் நமக்கு என்ன? நம்முள் பலருடைய தந்தையரும் தமையன்மாரும் டேனரிகளில் இயந்திர இரைச்சலுக்கு நடுவே உழைக்கின்றனர். இரைச்சலால் செவித்திறன் குன்றியோர் சிலரிடம் மேற்கூறிய கழுத்துத் தசைச் சோதனையின் விடையும் குன்றியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரே வீட்டில் குடியிருக்கும் இருவரில் ஒருவரைத் தாக்கும் இடி மற்றவரையும் விடுவதில்லை. ஈரம் வழுக்கும் தரையில், சுண்ணாம்புத் தொட்டியின் ஓரத்தில் நடப்பவருக்குச் சமநிலை என்பது உயிர்க்காப்பு அன்றோ!

நத்தைச்சுருளில் அழிந்த மயிர்ச்செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே வருமுன் காப்பதே வழி. இரைச்சலில் பணிபுரிவோர் காதடைப்பான் அணிதல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை செவிச்சோதனை செய்துகொள்ளுதல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் வீடு சென்றதும் தந்தையாரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "பக்கத்தில் பேசுவது சரியாகக் கேட்கிறதா? இருட்டில் நடக்கும்போது தள்ளாடுகிறதா?" நாம் கற்ற விலங்கியல் அன்றுதான் பயன்பட்டதாகும்.