தறிக் கணக்கும் அனுபவம்தான்

வேலை தேடுவோரின் கேள்விகளுக்கு மனிதவள ஆலோசகர் பதில் சொல்லும் பகுதி. இந்த இதழில் ஆரணி வட்டாரத்திலிருந்து வந்த மூன்று கடிதங்கள்.

கேள்வி: பி.காம். முடித்து வீட்டில் இருக்கிறேன். அப்பா மாஸ்டர் வீவரிடம் பாவு வாங்கி, கூலிக்குப் பட்டுச்சேலை நெய்கிறார். அம்மாவோடு சேர்ந்து நானும் தார் சுற்றுவேன். பட்டு, சரிகைக் கணக்கு நோட்டு எழுதுவது நான்தான். பயோடேட்டாவில் ‘முன் அனுபவம்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதி அனுப்புகிறேன். பல இடங்களிலிருந்து பதிலே வருவதில்லை. கூப்பிட்ட இடங்களிலும் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றதும் பெயர், ஊர், படிப்பு சொல்லிவிட்டு நின்றுவிடுகிறேன். இங்கிலீஷும் தடுமாறுகிறது. என்ன செய்யட்டும்?
– வாசகி, ஆரணி

பதில்: முதலில் அந்த ‘இல்லை’யை அடித்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்குப் பட்டும் சரிகையும் எடை போட்டு வருகின்றன. நெய்த சேலையும் எடை பார்த்தே திரும்பப் போகிறது. இடையில் கழிவு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, வாங்கிய முன்பணத்துக்காகக் கூலியில் பிடித்தது எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் நோட்டில் இருக்கும். தொழிற்சாலைகளின் ஸ்டோர்ஸ் பிரிவில் இந்த வேலைக்குத்தான் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறார்கள்.

ஆகவே ‘குடும்ப நெசவுத் தொழிலில் மூலப்பொருள் இருப்பும் கூலிக் கணக்கும் பராமரித்தல்’ என்று எழுதுங்கள். எத்தனை தறி, எந்த ஆண்டிலிருந்து எழுதுகிறீர்கள், என்னென்ன கணக்கு என்று கீழே மூன்று வரி சேருங்கள். ‘மேலாளர்’ என்றெல்லாம் பட்டம் சூட்டிக்கொள்ள வேண்டாம்; இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். பயோடேட்டா ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பவர் கையில் உங்கள் பெயரும் ஊரும் ஏற்கெனவே இருக்கின்றன. இந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருத்தம் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “பி.காம். படித்திருக்கிறேன். படிக்கும்போதே எங்கள் தறிக்கு வரும் பட்டு, சரிகைக் கணக்கை நான்தான் பார்த்தேன். எடையில் வித்தியாசம் வந்தால் எந்தச் சேலையில் வந்தது என்று நோட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். உங்கள் ஸ்டோர்ஸ் வேலைக்கு இந்தப் பழக்கம் உதவும் என்று நினைத்து விண்ணப்பித்தேன்.” ஒன்றரை நிமிடத்துக்குள் முடியட்டும். கடைசி வாக்கியம் மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாற வேண்டும்.

அடுத்து, ‘ஏதாவது ஒரு சிக்கலைச் சமாளித்ததுண்டா?’ என்று கேட்பார்கள். கிளம்புவதற்கு முன் உங்கள் நோட்டைப் புரட்டுங்கள். கணக்கு இடித்த ஒரு சம்பவமாவது அதில் இருக்கும். என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆயிற்று என்ற வரிசையில் சொல்லுங்கள். நடந்ததைச் சொன்னால் குறுக்குக் கேள்விக்குப் பயப்பட வேண்டியதில்லை.

ஆங்கிலத்துக்கு ஒரு வழி: மேலே சொன்ன நாலைந்து வாக்கியங்களை எளிய ஆங்கிலத்தில் எழுதி, தினமும் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். வார்த்தை மாறாமல் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்ததும் எல்லாம் நின்றுபோகும். கேள்வி புரியாவிட்டால் இன்னொரு முறை கேட்கச் சொல்வதில் தப்பில்லை. வார்த்தை வராத இடத்தில் ‘தமிழில் சொல்லலாமா?’ என்று அனுமதி கேளுங்கள்; கணக்கு வேலைகளுக்குப் பல இடங்களில் சம்மதிப்பார்கள்.

இனி, எங்கே தேடுவது? தமிழக அரசின் தனியார் துறை வேலை இணையதளத்திலும், மத்திய அரசு 2015இல் தொடங்கிய தேசிய வாழ்க்கைத்தொழில் சேவைத் தளத்திலும் இலவசமாகப் பதியலாம். திருவண்ணாமலையில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்குப் போனால் ஒரே நாளில் பல நிறுவனங்களைப் பார்த்துவிடலாம். செய்யாறு சிப்காட் தொழிற்சாலைகளையும் வேலூர், காஞ்சிபுரம் நிறுவனங்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளூரையும் விட்டுவிடாதீர்கள். பட்டைப் போலவே அரிசிக்கும் பேர்போன ஊர் உங்களுடையது. ரைஸ் மில்லிலும் பட்டு ஜவுளிக் கடையிலும் கணக்கு எழுத ஆள் தேவைப்பட்டால் பெரும்பாலும் வாய்வழியாகத்தான் சொல்லி வைப்பார்கள். பயோடேட்டாவோடு நேரில் போய்க் கேளுங்கள். உங்கள் அப்பாவுக்குப் பாவு தருகிறவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நீங்கள் கணக்கு எழுதும் லட்சணம் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கேள்வி: என் மகன் ஐ.டி.ஐ. முடித்திருக்கிறான். பெரிய கம்பெனியில் வேலை நிச்சயம் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் கடிதம் அனுப்பி, டெபாசிட் கட்டச் சொல்கிறார். தறியை விற்றாவது கட்டிவிடலாமா?
– ஒரு நெசவாளர், ஆரணி அருகே

பதில்: தறியைத் தொடாதீர்கள் ஐயா. ஒழுங்கான கம்பெனி எதுவும் வேலை கொடுக்க டெபாசிட் கேட்காது. இன்டர்வியூவே நடக்காமல் வந்த நியமனக் கடிதம் என்றால் சந்தேகமே வேண்டாம். அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணைக் கூப்பிடாமல், கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் எண்ணில் விசாரிக்கச் சொல்லுங்கள். மகனின் அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் கொடுத்து வைக்க வேண்டாம். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்; சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. வெளிநாட்டு வேலை என்று யாராவது வந்தால், அவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர்தானா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்த பிறகே பேச்சைத் தொடருங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு எழுதியிருக்கிறேன். எனக்கு நெசவு பிடிக்கும். ‘இதில் என்ன எதிர்காலம்? வேறு வேலை பார்’ என்கிறார் அப்பா. தறியை விடாமல் சம்பள வேலைக்குப் போக முடியாதா?
– மாணவர், ஆரணி

பதில்: முடியும் தம்பி. சேலத்தில் 1960இல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தில் மூன்றாண்டு டிப்ளமோ படிப்பு இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். நெசவோடு சாயம், வடிவமைப்பு, துணியின் தரம் பார்ப்பது என்று எல்லாம் கற்றுத்தருகிறார்கள். படித்தபின் ஜவுளி ஆலைகளிலும் ஏற்றுமதி நிறுவனங்களிலும் தரம் பார்க்கும் வேலைக்கோ சாயப் பிரிவுக்கோ முயலலாம்.

அப்பாவின் பயம் கூலியைப் பற்றியது. அதில் நியாயம் இருக்கிறது. அதனால் அவரோடு வாதம் செய்வதைவிட, படிப்பு எத்தனை ஆண்டு, செலவு எவ்வளவு, உதவித்தொகை உண்டா, போன ஆண்டு முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று விசாரித்து எழுதிக்கொண்டு போய் அவர் முன் உட்காருங்கள். அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டால், பிற்பாடு எந்த இன்டர்வியூவும் உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது.