மூச்சுக்கும் உண்டு நேரம்

தொட்டாற்சிணுங்கிச் செடியைப் பார்த்திருப்பீர்கள். தொட்டால் இலை மூடிக்கொள்ளும். இரவிலும் மூடிக்கொள்ளும். காலையில் விரியும். அதற்கு நேரம் சொல்வது யார்?

கொல்கத்தாவில் வாழ்ந்த அறிஞர் ஜகதீச சந்திர போஸ் இந்தச் செடியை இரவும் பகலும் ஆராய்ந்தார். கருவி வைத்து அளந்தார. காலையில் செடி மந்தமாக இருந்தது. நண்பகலில் சுறுசுறுப்பாக இருந்தது. அவர் 1917-ல் தொடங்கிய போஸ் ஆய்வு நிலையம் இன்றும் கொல்கத்தாவில் இருக்கிறது.

அவருக்கு முன்பே, 1729-ல், பிரான்சு நாட்டு அறிஞர் டி மேரான் இதுபோன்ற ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படவில்லை. ஆனாலும் பகலில் இலை விரிந்தது. இரவில் மூடியது. அப்படியானால் கடிகாரம் செடிக்குள்ளேயே இருக்கிறது!

நமக்குள்ளும் கடிகாரம்

நம் மூளையிலும் ஒரு கடிகாரம் உண்டு. அது ஓர் அரிசி மணி அளவுதான் இருக்கும். பகல் வெளிச்சத்தைக் கொண்டு அது நேரத்தைச் சரிசெய்து கொள்கிறது. கல்லீரல், குடல், நுரையீரல் ஆகியவற்றிலும் சிறு கடிகாரங்கள் உள்ளன.

எலி இரவில் இரை தேடும். விஞ்ஞானிகள் எலிகளுக்குப் பகலில் மட்டும் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். சில நாட்களில் கல்லீரலின் கடிகாரம் மாறிவிட்டது. மூளையின் கடிகாரம் மாறவில்லை. ஒரே உடம்பில் இரண்டு நேரம்! வேளை தவறிச் சாப்பிட்டால் உடம்பு குழம்புவது இதனால்தான்.

மூச்சின் கணக்கு

மூச்சுக் குழாய்கள் பிற்பகலில் நன்றாக விரிந்திருக்கும். விடியற்காலை 4 மணி அளவில் கொஞ்சம் சுருங்கும். நலமாக இருப்பவருக்கு இது தெரியாது. ஆஸ்துமா உள்ளவருக்கு நன்றாகத் தெரியும். இழுப்பு நடு இரவிலும் விடியற்காலையிலும் அதிகமாவதற்கு இது ஒரு காரணம். இதைக் காத்துக் கருப்பு என்று நினைத்து மந்திரிக்கப் போகலாமா? கூடாது. நோய் முற்றிவிடும்.

கொல்கத்தாவில் ஹவுரா பாலத்தின் அருகே மல்லிக் காட் பூச்சந்தை இருக்கிறது. விடியும் முன்பே அங்கே வேலை தொடங்கிவிடும். மூச்சுக் குழாய் சுருங்கும் அதே நேரத்தில் தலையில் பூ மூட்டை! இழுப்பு உள்ள தொழிலாளிக்கு அது எவ்வளவு கடினம்!

சாப்பாடும் மூச்சும்

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு தசை இருக்கிறது. அது கீழே இறங்கினால்தான் நுரையீரல் விரியும். வயிறு முட்டச் சாப்பிட்டால் அந்தத் தசை நன்றாக இறங்க முடியாது. மூச்சு வாங்கும்.

சாப்பிட்ட உடனே படுத்தால் இன்னொரு தொல்லை. வயிற்றிலுள்ள புளிப்பு நீர் மேலே ஏறும். நெஞ்சு எரியும். இருமல் வரும். சிலருக்கு இழுப்பும் வரும்.

கடையைப் பூட்டிவிட்டு இரவு 11 மணிக்கு வருகிறார் ஒருவர். வயிறு நிறையச் சோறும் மீன் குழம்பும் சாப்பிடுகிறார். உடனே படுக்கிறார். மூச்சுக் குழாய் சுருங்கும் நேரமும் நெருங்குகிறது. அவருக்கு ஆஸ்துமா இருந்தால் இரண்டு தொல்லையும் சேர்ந்து கொள்ளும்.

என்ன செய்யலாம்?

1. படுப்பதற்கு 2 அல்லது 3 மணி நேரம் முன்பே சாப்பிடுங்கள்.
2. தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள்.
3. வீடு திரும்ப நேரமானால், வேலை இடத்திலேயே மாலையில் சாப்பிடுங்கள். இரவில் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.
4. இரவில் இழுப்பு வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு வந்தது என்றும் சொல்லுங்கள்.
5. டாக்டர் தந்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். உணவு நேரம் மருந்துக்கு உதவும், மருந்துக்கு ஈடாகாது.
6. பேச முடியாமல் மூச்சுத் திணறினால், உதடு நீலமானால், காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

செய்து பாருங்கள்

அமைதியாக உட்காருங்கள். 1 நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறீர்கள்? வீட்டில் ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 12 முதல் 20 வரை இருக்கும். காலையில், சாப்பிட்ட பின், படுக்கும் முன் என்று மூன்று முறை எண்ணி நோட்டில் எழுதுங்கள்.

பதில் எழுதுங்கள்

1. போஸ் எந்தச் செடியை ஆராய்ந்தார்?
2. மூச்சுக் குழாய் எப்போது சுருங்கும்?
3. உங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? அதை முன்னதாக வைக்க என்ன செய்யலாம்?