வண்டல் ஆற்று டர்பைனுக்கு எந்தப் பூச்சு?

இமயமலை நீர்மின் நிலையங்களுக்கு, ஆற்றில் வண்டல் பெருகும் மழைக்காலம்தான் சோதனைக் காலம். இமாச்சலில் சத்லெஜ் ஆற்றுத் தண்ணீரில் ஓடும் 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரியில், மணலைப் பிடித்து நிறுத்த மலைக்குள்ளேயே பெரிய வண்டல் நீக்கும் அறைகளைக் குடைந்திருக்கிறார்கள். 0.2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மணல் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். பொடி மணல் டர்பைனுக்குள் போகும். அதில் குவார்ட்ஸ் நிறைய.

குவார்ட்ஸின் கடினம் விக்கர்ஸ் அளவில் சுமார் 1,100. டர்பைனின் சுழலும் சக்கரமான ரன்னரைச் செய்யும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கோ 300க்கு முன்பின்தான். பூச்சு தேவைப்படுவது இதனால்தான். ஆனால் கடின எண்ணை மட்டும் பார்த்து ஆர்டர் கொடுத்துவிடக் கூடாது. மணல் எந்தக் கோணத்தில் வந்து படுகிறது என்பதை முதலில் கேளுங்கள். 20, 30 டிகிரி சாய்வில் உரசிப் போகும் மணல்தான் ஸ்டீலை அதிகம் செதுக்கும். அங்கே கடினப் பூச்சு நன்றாகத் தாங்கும். நேராக வந்து மோதும் இடத்தில் நிலைமை தலைகீழ். மிகக் கடினமான பொருள் விரிசல் விட்டுச் சில்லு சில்லாகப் பெயரும்.

ஹார்டு குரோம் இந்த வேலைக்கு வேண்டாம். அதன் கடினம் 800 முதல் 1,000 வரைதான், குவார்ட்ஸுக்குக் கீழே. போதாக்குறைக்கு நுண்விரிசல் வழியாகத் தண்ணீர் அடி உலோகத்தைத் தொடும். முலாம் தொட்டியில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. அங்கே வேலை செய்பவர்களையும் நினைக்க வேண்டும்.

என் முதல் தேர்வு, எச்.வி.ஓ.எஃப். (அதிவேக ஆக்சி-எரிபொருள் தெளிப்பு) துப்பாக்கியால் ஒலியை மிஞ்சிய வேகத்தில் அடிக்கும் டங்ஸ்டன் கார்பைடு. 86 பங்கு கார்பைடு, 10 பங்கு கோபால்ட், 4 பங்கு குரோமியம் என்பது வழக்கமான கலவை. கான்கிரீட்டில் ஜல்லி பதிந்திருப்பதுபோல் கார்பைடு மணிகள் உலோகத்தில் பதிந்திருக்கும். மணல் முதலில் இடையிலுள்ள உலோகத்தைச் சுரண்டும். பிடிப்பு போன மணி உதிரும். அதனால் மணிகள் பொடியாகவும் நெருக்கமாகவும் இருக்க வேண்டும், காற்றுத் துளை 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சான்றிதழை மட்டும் நம்பாமல், மாதிரித் துண்டை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள்.

இதற்கும் எல்லை உண்டு. துப்பாக்கி சுமார் ஓரடி தள்ளி, ஏறக்குறைய நேராக நின்று அடிக்க வேண்டும். பிரான்சிஸ் வகை டர்பைன் ரன்னரின் இதழ்களுக்கு நடுவே உள்ள குறுகலான பகுதியில் அதற்கு இடமில்லை. ரன்னருக்குள் நீரைத் திருப்பிவிடும் கைடு வேன், அதன் மேலும் கீழும் உள்ள முகத்தகடுகள், நீர்க்கசிவைக் குறைக்கும் லேபிரிந்த் வளையம், இதழ்களில் கை எட்டும் விளிம்புகள் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். விளிம்பைக் கூராக விட்டு அடித்தால் அங்கேதான் முதலில் பெயரும். பிறகு தண்ணீர் அடியில் புகுந்து உரித்துக்கொண்டே போகும். முன்கூட்டியே விளிம்பை உருட்டிவிடச் சொல்லுங்கள்.

பாலியூரித்தேன் மென்மையானது, பொடி மணல் அதில் பட்டு எகிறிவிடும். துப்பாக்கி நுழையாத மூலையிலும் பூசலாம். நீர்க்குமிழி வெடிக்கும் இடத்தில் மட்டும் ஏடு ஏடாகக் கழன்றுவிடும். ரன்னரைச் சுற்றி நீரைக் கொண்டுவரும் ஸ்பைரல் கேசிங் போன்ற, நீர் வேகம் குறைந்த இடங்களுக்குப் போதும். வேகம் இரட்டித்தால் தேய்மானம் எட்டு மடங்குவரை போகக்கூடும் என்பதால், ரன்னர் வெளிவாய்க்கு இதை நம்ப வேண்டாம்.

கூழாங்கல் வரும் ஆறானால் பூச்சைவிட வெல்டிங் நிரப்பல் மேல். தேய்ந்தால் நிலையத்திலேயே மறுபடி நிரப்பலாம். கார்பைடு பூச்சு இருக்கும் இடத்தில் வெல்டிங் வைக்க, முதலில் அதை முழுக்கத் தேய்த்து எடுத்தாக வேண்டும்.

பூச்சைப் புது ரன்னருக்கே அடித்துவிடுவது நல்லது. தேய்ந்து, நிரப்பி, வடிவம் கொஞ்சம் மாறிப்போன ரன்னரில் அடித்தால் அந்தப் பிழையும் சேர்ந்தே நிலைத்துவிடும்.