எண்ணிக்கை ஏறியது, எச்சரிக்கை இறங்கலாமா?



அடிபட்ட இடத்தில் ஒன்றுசேர்ந்து இரத்தத்தை நிறுத்துபவை பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1.5 முதல் 4.5 இலட்சம் வரை இருக்கும். ஐ.டி.பி. என்னும் நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இவற்றைப் பகையென்று எண்ணி அழிக்கிறது. காவல்காரனே வீட்டுக்காரனை அடிப்பது போல!

இதைக் கண்டறிய அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாரிங்டன் தம் உடம்பையே சோதனைக்கூடம் ஆக்கினார். 1950-இல் இந்நோயாளி ஒருவரின் இரத்தத்தைத் தமக்கு ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்களும் மளமளவென்று குறைந்தன. நோயாளியின் இரத்தத்திலேயே தட்டணுவை அழிக்கும் பொருள் இருப்பது இதனால் தெரிந்தது.

டெங்குவில் குறையும் தட்டணு, காய்ச்சல் தணிந்து சில நாளில் தானே ஏறிவிடும். ஐ.டி.பி. அப்படியல்ல. சிறுவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் சரியாகும். பெரியவர்களுக்குத் திரும்ப வருவது சகஜம்.

எங்க அம்மா செஞ்சிப் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் கூலி வேலை செய்பவர். பிரட்னிசலோன் மாத்திரையில் அவருடைய எண்ணிக்கை 12 ஆயிரத்திலிருந்து 1 இலட்சத்தைத் தாண்டியது. "உடம்பு நல்லாத்தானே இருக்கு, இன்னும் எதுக்குடா மாத்திரை?" என்று நிறுத்திவிட்டார். அடுத்த மாதமே காலெல்லாம் செம்புள்ளிகள். எங்க வீட்டில் ரிப்போர்ட் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அன்றிலிருந்து தேதி, எண்ணிக்கை, மாத்திரை அளவு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுகிறேன். பரிசோதனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும்; போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம். பிரேக்டவுன் மெயின்டனன்ஸைவிடப் பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் மேல் என்று நாம் படிப்பது இதற்கும் பொருந்தும்.

கவனிக்க வேண்டியவை:

1. ஸ்டீராய்டு மாத்திரையை டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். நாமாக நிறுத்தக் கூடாது.

2. ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் ஆகாது. எந்த டாக்டரிடம் போனாலும் ஊசிக்கு முன்பே நோயின் பெயரைச் சொல்லவும்.

3. ஸ்டீராய்டு போதாவிட்டால் ரிட்டுக்ஸிமாப், எல்ட்ரோம்போபாக், மண்ணீரல் அறுவை என வேறு வழிகளும் உண்டு. எல்ட்ரோம்போபாக்கைப் பால், தயிர், கேழ்வரகுக் கூழுக்கு 2 மணி நேரம் முன்போ 4 மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும்.

4. அழுத்தினாலும் மறையாத செம்புள்ளி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அதிக மாதவிடாய் கண்டால் உடனே எண்ணிக்கை பார்க்கவும். கடும் தலைவலி, கருப்பாக மலம் என்றால் தாமதிக்காமல் 108-ஐ அழைக்கவும்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் முதலில் படித்தவர் நீங்களாக இருக்கலாம். அப்படியானால் ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்வதும் நம் படிப்பின் பயன்தான். எண்ணிக்கை ஏறினால் மகிழ்வோம். நோட்டை மட்டும் மூடிவிட வேண்டாம்!

— இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்