அடைக்கப்படாத கதவு

1841ஆம் ஆண்டு குருத்துவம் பெற்ற ஜான் போஸ்கோ, இன்றைய இத்தாலியின் தூரின் நகரச் சிறைகளுக்குச் சென்றார். பிழைப்புத் தேடி வந்து, தங்க இடமும் கேட்க ஆளும் இன்றி வழிதவறிய சிறுவர் பலரை அங்கே கண்டார். வெளியில் ஒரு நண்பர் இருந்தால் இவர்கள் மீண்டும் சிறை புகார் என எண்ணினார்.

ஞாயிறுதோறும் இத்தகைய சிறுவரைத் தேவாலயத்தில் கூட்டி மறைக்கல்வி புகட்டினார், அவர்களுடன் விளையாடினார். இரைச்சலைப் பொறாதோர் அவர்களை இடம்தோறும் வெளியேற்றினர். 1846இல் வால்டோக்கோ பகுதியில் ஒரு கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது.

வைக்கோற்பரணில் தங்கவைக்கப்பட்டோருள் சிலர் போர்வைகளைக் கவர்ந்து சென்றனர். வைக்கோலும் களவு போயிற்று. ஆயினும் 1847இல், மழையில் நனைந்து வந்த அனாதைச் சிறுவனுக்குக் கதவு திறந்தது. போஸ்கோவின் தாய் மார்கரீத்தா அடுக்களையில் படுக்கை அமைத்தார்.

உறைவிடம் மட்டும் போதுமா? தொழிலும் வேண்டுமன்றோ! 1852இல் தச்சர் ஒருவருடன் அவர் செய்த ஒப்பந்தம், தொழில் பயிலும் சிறுவனைச் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும் என விதித்தது. அவர் நிறுவிய சலேசிய சபையினர் 1906இல் தஞ்சாவூருக்கு வந்தனர்.

பயிற்சி
1. போர்வைகள் களவுபோன பின்னும் கதவு அடைக்கப்படாதது ஏன்? உம் கருத்தை எழுதுக.
2. பிரித்து எழுதுக: வைக்கோற்பரண், உறைவிடம்.