முட்டுக் கொடுத்தா சுவர் நிக்குமா?

நண்பன் பண்ண தப்பை யாராவது நியாயப்படுத்தினா, "ரொம்ப முட்டுக் கொடுக்காதே"ன்னு கலாய்க்கிறோம். ஆனா சிவில்ல முட்டுக்கு மரியாதையே தனி. முட்டுச்சுவர் என்ன வேலை பார்க்குதுன்னு பார்ப்போம்.

புரட்டாசி சனிக்கிழமை திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாளைப் பார்க்கக் கிளம்பினவங்க ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தையும் பார்த்திருப்பீங்க. 11 நிலை, 192 அடி. அதுக்கு முட்டுச்சுவர் இல்லை. அடி அகலமா இருந்து, மேலே போகப் போக ஒடுங்குறதால எடை நேரா கீழே இறங்குது. பாரிஸ் நோத்ர தாம் தேவாலயம் அப்படி இல்லை. அதோட கல் வளைவுக் கூரை சுவரை வெளியே தள்ளும். அதைத் தாங்கத்தான் வெளிப்பக்கம் பறக்கும் முட்டுகள். ஆக, முட்டு தேவைப்படுறது எடைக்காக இல்லை, பக்கவாட்டுத் தள்ளலுக்காக.

இப்போ நம்ம தெருவுக்கு வருவோம். 2 மீட்டர் உயரம், 230 மி.மீ. தடிமன் உள்ள செங்கல் காம்பவுண்டு சுவர். ஒரு கன மீட்டர் செங்கல் கட்டு 20 கிலோநியூட்டன்னு வைங்க. ஒரு மீட்டர் நீளத்துக்கு எடை 9.2 கிலோநியூட்டன். நெம்புதூரம் பாதித் தடிமன், அதாவது 0.115 மீட்டர். கவிழாம காக்கும் திருப்புத்திறன் சுமார் 1.06.

மழையில ஒரு பக்கம் 1 மீட்டர் தண்ணி தேங்குது. தள்ளுவிசை 4.9 கிலோநியூட்டன், மூணுல ஒரு பங்கு உயரத்துல. கவிழ்க்கும் திருப்புத்திறன் 1.64. கலவையோட பிடிப்பைக் கணக்குல எடுக்கலைன்னா சுவர் சாயும்!

இனி 3 மீட்டருக்கு ஒண்ணா, தண்ணிக்கு எதிர்ப்பக்கம், 0.6 மீட்டர் நீட்டி, அதே தடிமன்ல முட்டுச்சுவர் கட்டுவோம். கூடுதல் செங்கல் வெறும் 20 சதவீதம். ஆனா சுவர் இப்போ முட்டோட நுனியைச் சுற்றித்தான் கவிழணும். நெம்புதூரம் 0.715 மீட்டர் ஆயிடுச்சு. 3 மீட்டர் நீளத்துக்குக் காக்கும் திருப்புத்திறன் 3.2-ல இருந்து சுமார் 21 ஆகுது. கவிழ்க்கிறது 4.9 தான்.

ரெண்டு நிபந்தனை உண்டு. முட்டுச் செங்கல் வரிசைக்கு வரிசை சுவருக்குள்ள புகுந்து பிணையணும். சும்மா ஒட்டி வச்சா அது பக்கத்துல நிக்கிற தூண் மட்டும்தான். முட்டுக்கும் சுவரோட சேர்ந்த அஸ்திவாரம் வேணும். தண்ணி வெளியேற அடியில துளைகளும் விடணும். தள்ளலே குறைஞ்சா முட்டுக்கும் வேலை குறையும்.

இது பரீட்சைக்கான கணக்கு மட்டும் இல்லை. 2019 டிசம்பர் 2-ஆம் தேதி, மேட்டுப்பாளையம் நடூர்ல கனமழையில ஒரு சுற்றுச்சுவர் வீடுகள் மேல விழுந்து 17 பேர் இறந்தாங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி உங்க தெருச் சுவர்ல ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பாருங்க. சாய்ஞ்சிருந்தா வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. சிவில் படிக்கிறவங்க செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.