விமானப் பயணத்திற்குப் பலகாரம் கட்டும் முறை

“கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?” என்பது நம் முன்னோர் மொழி. அன்று கட்டுச்சோறு மாட்டு வண்டியிலும் கப்பலிலும் சென்றது. இன்று அது விமானத்தில் பறக்கின்றது. பத்து பாகாட்டு மக்கள் 1974இல் திறக்கப்பட்ட செனாய் விமான நிலையத்தின் வழியாகவோ, 1998இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் வழியாகவோ பயணம் செய்கின்றனர். சபாவில் பயிலும் மகனுக்கும், தமிழகத்தில் வாழும் உறவினருக்கும் தாய்மார் கண்விழித்துச் சுட்ட முறுக்கு, சேருமிடத்தில் நமுத்தும் நொறுங்கியும் கிடப்பதைக் கண்டு நாம் வருந்தியதுண்டு. அதன் காரணங்களை அறிந்து கொள்வோமாக.

முதற்பகை ஈரம். சூடு ஆறுமுன் முறுக்கைப் பையிலிட்டால், அதன் ஆவி நீர்த்துளியாகிப் பலகாரத்தையே நனைக்கும். ஆகவே நன்கு ஆறிய பின்னரே கட்டுதல் வேண்டும். உலர்திராட்சை, பேரீச்சம்பழம் முதலியன உலர்ந்தவை எனப்படினும், அவற்றினுள் ஈரம் எஞ்சியிருக்கும். அவற்றை முறுக்குடன் ஒரே பையில் வைத்தால், அவ்வீரம் முறுக்கிற்குச் சென்றுவிடும். பழத்தைத் தனியாகவும் முறுக்கைத் தனியாகவும் கட்டுக.

இரண்டாவது, காற்றழுத்தம். பறக்கும் விமானத்தினுள் உள்ள காற்றழுத்தம், 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலைமேல் இருப்பதை ஒத்தது. கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரத்தில் நிற்பது போன்றது எனலாம். 2,400 மீட்டர் உயரத்தில் அழுத்தம் தரையில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்கே இருக்கும். ஆகையால் மூன்று குவளை இடத்தில் அடங்கிய காற்று, நான்கு குவளை இடம் கேட்கும். காற்றுடன் இறுகக் கட்டிய பை உப்புவதும், சில வேளை வெடிப்பதும் இதனால்தான். பையிலுள்ள காற்றை மெல்ல அழுத்தி வெளியேற்றிவிட்டுக் கட்டுதல் நன்று. பின்னர் அப்பையைப் பிஸ்கட் டின்னில் வைத்து, இடைவெளிகளில் தாளைத் திணித்தால் முறுக்கு நொறுங்காது.

மூன்றாவது, கொப்பரை. தென்னை வளரும் நம் வட்டாரத்தில் இது பழக்கமான பொருளாதலின், இதில் தீங்கிருப்பதை எவரும் எண்ணுவதில்லை. கொப்பரையின் எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியுடன் மெல்லச் சேர்ந்து வெப்பத்தை உண்டாக்கும். குவியலாக அடைபட்டு அவ்வெப்பம் வெளியேற இயலாதபோது, தானே தீப்பற்றவும் கூடும். ஐக்கிய நாடுகள் வகுத்த ஆபத்தான பொருள்களின் பட்டியலில் இதற்கு 1363 என்னும் எண் வழங்கப்பட்டுள்ளது. ஆகவே கொப்பரையைக் கைப்பையிலும் பெட்டியிலும் வைத்தல் ஆகாது.

ஊறுகாய், தேன், காயா போன்றவற்றிற்கும் விதி உண்டு. 2006ஆம் ஆண்டு முதல், பல நாடுகளில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட நீர்மப் பொருள்களைக் கைப்பையில் கொண்டு செல்ல இயலாது. அவற்றை விமானத்தின் அடித்தட்டில் ஏற்றப்படும் பெட்டியில், கசியாதவாறு இரு பைகளில் சுற்றி வைத்தல் வேண்டும்.

பச்சைக் கறிவேப்பிலையைச் சில நாடுகள் ஏற்பதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை வாட்டும் நோயைப் பரப்பும் சிறுபூச்சி ஒன்று கறிவேப்பிலையிலும் வாழ்கின்றது. நாம் மணத்திற்காகக் கொண்டு செல்லும் ஒரு கொத்து, மற்றொரு நாட்டு உழவரின் தோப்பையே அழிக்கக்கூடும். தோட்டத்து உழைப்பை அறிந்த நமக்கு அவ்விழப்பின் வலியை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியா செல்வோர் தாம் கொண்டு வரும் உணவு அனைத்தையும் நுழைவுப் படிவத்தில் அறிவித்தல் வேண்டும். அறிவித்த பொருளை அதிகாரி எடுத்துக் கொண்டாலும் நமக்கு இழுக்கில்லை. மறைத்தால் தண்டம் செலுத்த நேரிடும்.

மாணவமணிகளே! வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு முறுக்கை மட்டும் ஒரு போத்தலிலும், மற்றொன்றை உலர்திராட்சையுடன் வேறொரு போத்தலிலும் இட்டு மூடி வையுங்கள். மூன்று நாள் கழித்து இரண்டையும் ஒடித்துப் பாருங்கள். எதில் ஓசை எழுகின்றது என்பதைப் பெற்றோரிடம் கூறுங்கள். அடுத்த முறை அண்ணனுக்கோ அக்காளுக்கோ பொதி கட்டும்போது, அம்மாவின் அருகில் அமர்ந்து உதவுங்கள். கட்டிக் கொடுத்த பலகாரம் சில நாளில் தீர்ந்துவிடும். காரணம் அறிந்து கற்ற பாடமோ என்றும் உடன் வரும்.